விரியன் பெட்டிக்கு மேலிருந்த பலகை

பாண்டிராஜ் மூன்று தடவை போன் போட்ட பிறகுதான் லிங்கேஷ் கிளம்பினான். வாசுதேவநல்லூர் ரோட்டில் ஏதோ டிரஸ்ட்காரர்கள் புதிதாகத் திறந்திருந்த காட்டுயிர்க் காட்சிப் பாதைக்கு வரச் சொல்லியிருந்தார். நம்ம பக்கத்து உயிர்கள் மட்டும் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். பாண்டிராஜுக்கு அங்கே வழிகாட்டி வேலை. காக்கிச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் மைக். அவர் லிங்கேஷின் மனைவி பிரேமலதாவின் அண்ணன். பிரேமலதா இறந்து பதினோரு மாதம் ஆகிறது.

வீட்டுக்குள்ளேயே கிடந்து என்ன செய்யப்போறீரு மாப்பிள என்று கேட்டிருந்தார்.

வேலிக்குள் குள்ளநரி நிழலில் படுத்திருந்தது. எலியையும் நண்டையும் தின்று விவசாயிக்கு உதவுகிற பிராணி இது, கரிசல் தரிசெல்லாம் போனதும் இதற்கும் இடமில்லாமல் போச்சு என்று பாண்டிராஜ் சுவாரசியமாகச் சொன்னார். அடுத்து கீரி, நட்சத்திர ஆமை. லிங்கேஷ் விலங்கியல் படித்தவன். எல்லாவற்றையும் பார்த்தான். ஒன்றும் உள்ளே ஏறவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் விரியன் சுருண்டிருந்தது. மேலே ஒரு பலகை. கடிவாயில் கோயில் புற்றுமண் பூசினால் விஷம் இறங்கிவிடும் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பாண்டிராஜ் அதை மைக்கில் வாசித்துவிட்டு, நம்ம ஊர் மண்ணுக்கு அந்தச் சக்தி உண்டு என்று தானாகவும் சேர்த்துக்கொண்டார். கூட்டம் தலையாட்டியது.

திருவேங்கடத்துப் பருத்திக்காட்டில் பிரேமலதாவைக் கடித்ததும் இதே சாதி விரியன்தான். காலில் மண் பூசியது பாண்டிராஜ். வீக்கம் வடியும், பொறுங்க மாப்பிள என்றார். பைக் சாவியைக் கையில் பிடித்தபடி லிங்கேஷ் பொறுத்தான். இரண்டு மணி நேரம். விஷமுறிவு மருந்து இருந்த ஆஸ்பத்திரி அரைமணி தூரத்தில் இருந்தது. எத்தனை மணிக்குக் கடித்தது என்று டாக்டர் கேட்டார். பதிலைக் கேட்டதும், ரொம்பத் தாமதம் என்றார்.

"மச்சான், எறங்குச்சா?"

"எது மாப்பிள?"

"விஷம். பிரேமாவுக்கு எறங்குச்சா?"

பாண்டிராஜ் மைக்கை அணைத்துவிட்டு அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். டிரஸ்ட்காரன் எழுதியது, வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது, சாமி காரியத்தில் வம்பு வேண்டாம் என்று அடிக்குரலில் அடுக்கினார்.

"சாமிய ஒண்ணும் சொல்லல. மண்ண நானும் நெத்தியில பூசுதேன். கடிவாயில பூசச் சொல்லி பலக வைக்கான், நீங்க மைக்ல வாசிக்கீக. இன்னும் எத்தன பேரு சாகணும்?"

"அப்ப நான்தான் அவளக் கொன்னேங்கீரா?"

பதினோரு மாதமாக இரண்டு வீட்டிலும் யாரும் வாய்விட்டுக் கேட்காதது அது.

"நீங்க பூசினீக. நான் படிச்சவன், தெரிஞ்சே நின்னேன். ரெண்டு பேருந்தான்."

பாண்டிராஜ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் இடுப்புப் பிள்ளையோடு கிட்டே வந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்திருந்தது. தன் பெயர் எப்சிபா என்றும், கரிவலம் பக்கம் காட்டுக்குள்ளேதான் வீடு என்றும் சொன்னாள்.

"அப்ப கடிச்சா என்னதான் செய்யணும்ணே?"

பாண்டிராஜ் லிங்கேஷைப் பார்த்தார். லிங்கேஷ் அவர் பக்கமே கையைக் காட்டினான். சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரு தாயி. ஒடனே. என்னைய மாதிரி எவனாவது பொறு பொறுன்னு சொல்லுவான், நிக்காத. என் தங்கச்சி ரெண்டு மணி நேரம் நின்னுட்டா."

அவள் பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பெட்டியை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

வாசலில் அடுத்த கூட்டம் சேர்ந்துவிட்டது. நரி, கீரி, ஆமை எல்லாம் முடித்து அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பாண்டிராஜ், பலகை தெரியாதபடி முதுகைக் கொடுத்து நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சை ஆரம்பித்தார்.

லிங்கேஷுக்கு அது போதவில்லை. நாளைக்கே இவர் லீவு போட்டால் பலகை பேசும். அதைப் பிடித்திருந்தது நான்கு திருகாணிகள்தான். ஸ்க்ரூ டிரைவர் கேட்க ஆபீசைப் பார்த்து நடந்தான்.