வயலில் ஏறிய கடல்

மாலுமியின் மனைவி பயிரிட்ட உருளைக்கிழங்கு வயல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. கடலோ அங்கிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம். தவறு அவளுடையதுதான். ரசாயன உரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கடற்பாசிச் சாற்றைத் தண்ணீரில் கலந்து தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். வேர் நன்றாகப் பிடிக்கும், மண்ணும் கெடாது. ஒரு டேங்குக்கு ஒரு மூடி போதும். ஆனால் கேனைத் திறந்ததும் கப்பலிலிருந்து வந்து இறங்கும் கணவனின் சட்டை வாசனை அடித்தது. நான்கு வருடமாக அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் மூடிக்கணக்கை விட்டுவிட்டு, வாசனை சரியாக வரும்வரை ஊற்றினாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அது அலையாகிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தது நகரத்துப் பயிர்க் கண்காணிப்பு அலுவலகத்தில் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த பெண். வயலின் செயற்கைக்கோள் படங்கள் அவளுக்குத்தான் போகும். அவள் போன் செய்தாள்.

“அக்கா, உங்க நிலம் ஒரு முழம் ஏறுது, அப்புறம் இறங்குது. மிஷின் பழுதா இருக்கும்.”

“மிஷின் நல்லாத்தான் இருக்கு. நீ பாத்துட்டே இரும்மா.”

ஊர் கொஞ்ச நாள் வாயைப் பிளந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. வரப்பில் மேய்ந்த ஆடுகளுக்குத் தலைசுற்றல் வந்தது. ஆட்டுக்காரர் வயல் ஏறும் நேரம் விசாரித்து மேய்க்கப் பழகினார். கிழங்கு நன்றாகவே பருத்தது, வேகவைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை. அவளுக்கு அதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. கடலே இவ்வளவு தூரம் வந்துவிட்டது, அவன் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று கதவைத் தாழிடாமல் படுத்தாள். அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான்.

இலைகள் மஞ்சளாகிச் செடிகள் சாய்ந்தன. ஓரத்துப் பாத்தி ஒன்றைத் தோண்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் மட்டும் அலை அடங்கி, வெறும் மண்ணாகக் கிடந்தது. அவள் மண்வெட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

“இன்னும் எடுக்கலன்னா உள்ளயே அழுகிடும்க்கா. ஒரு வருஷப் பாடு,” என்றாள் அலுவலகத்துப் பெண் போனில்.

“அழுகட்டும்.”

அழுகியது. நாத்தனார் வந்து, போன அண்ணனுக்காக இருக்கிற சோற்றையும் கெடுத்துக்கொள்கிறாயே என்று சண்டை போட்டு அழுதுவிட்டுப் போனாள். நாற்றம் பக்கத்துத் தெருவரை போனது. பௌர்ணமியன்று வயல் வரப்புக்கு மேலே ஏறி நின்றது. மறுநாள் காலை போன் வந்தது.

“அக்கா, உங்க வயல் நடுவுல ஒரு படகு நிக்குது.”

“ஆள் இருக்காரா?”

“ஒருத்தர் படுத்திருக்காரு. தூங்கறார் போல.”

“சரி. போனை மெதுவா வை. முழிச்சுக்கப் போறாரு.”

அடுத்த வாரம் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து அழுகிய கிழங்குகளைத் தோண்டி எடுத்தார்கள். கடைசிப் பாத்தி முடிந்ததும் வயல் அசையாமல் நின்றது, படகு மண்ணில் சாய்ந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை. பொழுது சாய்ந்தால் கோழிகள் அதில் அடைகின்றன.