மேல் பிளக்

சின்னவனுக்கு ஐம்பத்து நாலு வயது. தலை வழுக்கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, ஆனாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். ஏழு வருஷம் முந்திப் பிறந்த அண்ணன் இருக்கும்வரை அந்தப் பெயர் போகாது. அந்த அண்ணன் இன்னும் எத்தனை நாள் என்பதுதான் இப்போது கேள்வி. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். நாளை நாலு மணிக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று அவர்கள் சொன்னபோது அண்ணன் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆம்புலன்ஸ் வேணாம்டா. நம்ம கார்ல வந்து கூட்டிட்டுப் போ."

நம்ம கார் என்பது பழைய இரும்புக் கடையிலிருந்து இருவரும் கயிறு கட்டி இழுத்து வந்தது. இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் கட்டி அழுதார்கள். அண்ணன் படுத்த பிறகு மூன்று வருஷமாக ஷெட்டை விட்டு அசையவில்லை. அன்று சாயங்காலம் சின்னவன் கிளப்பிப் பார்த்தான். நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. ஆனால் கியர்பாக்ஸின் பின்பக்க சீல், எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம், காய்ந்து போய் எண்ணெய் தாரையாக ஒழுகியது. ஆஸ்பத்திரிக்குப் போக வர நாற்பது நிமிஷ ஓட்டம். இந்த ஒழுகலோடு போனால் திரும்பி வருவதற்குள் பல்சக்கரமெல்லாம் அரைந்து நடுரோட்டில் நிற்கும்.

புது சீல் அலமாரியில் இருந்தது. காலை எட்டு மணிக்குக் காரை ஜாக்கியில் ஏற்றிக் கட்டை கொடுத்து அடியில் படுத்தான்.

அண்ணன் தம்பி வேலையில் ஒரு முறை உண்டு. அண்ணன் காருக்குள்ளே, தம்பி காருக்கு அடியிலே. அண்ணன் உள்ளே எதையோ உருட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து "ம், திற" என்பார். தம்பி கியர்பாக்ஸின் திருகு மூடியான கீழ் பிளக்கைத் திறந்து எண்ணெயை இறக்குவான். மேலே என்னதான் செய்கிறார் என்று இருபது வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. ரேடியோவில் பாட்டுத் தேடுகிறார் என்றே நினைத்திருந்தான், புத்திசாலி.

இன்று மேலே ஆள் இல்லை. சின்னவன் பாட்டுக்குத் திறந்தான். கறுப்பு எண்ணெய் மொத்தமும் தட்டில் இறங்கியது. பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றி, பழைய சீலைப் பிடுங்கி, புதியதை மரக்கட்டை வைத்துக் கோணாமல் தட்டி இறக்கி, ஷாஃப்டைத் திரும்ப மாட்டினான். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. முழுசாகத் தானே செய்த முதல் வேலை. மனசு குளிர்ந்தது.

பிறகு எண்ணெய் ஊற்றப் போனான். காருக்குள் மிதியடியை விலக்கி, ரப்பர் மூடியை எடுத்தால் கியர்பாக்ஸின் பக்கவாட்டில் மேல் பிளக். ஸ்பேனர் போட்டு இழுத்தான். அசையவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி உடம்பைக் கொடுத்து இழுத்தான். பிளக் திரும்பவில்லை, அதன் மூலைகள்தான் மழுங்கின.

அண்ணன் மேலே என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் இறக்கும் வழியைத் திறக்கச் சொல்வார். இப்போது உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை, ஊற்ற வழியும் இல்லை.

போன் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷன் இருக்கிற இருப்பில் அவரிடம் போய் பிளக்கைப் பற்றிக் கேட்பதா என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டான். அது பாதிப் பொய். இதுகூடத் தெரியாதாடா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம்தான் மீதி. சூடு காட்டினான், உளி வைத்து அடித்தான், உள்ளங்கை கிழிந்தது. மூன்றரை மணிக்கு ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி போனில் கூப்பிட்டாள். "கிளம்பிட்டீங்களா? சட்டை மாத்திட்டு உக்காந்திருக்காரு. படுக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போன் கை மாறியது.

"அந்தப் பிளக் எப்பவும் மக்கர் பண்ணும்டா," என்றார் அண்ணன். "கியர் ராடுக்கு அடியில ஒரு தகடு இருக்குல்ல? நாலே ஸ்க்ரூ. கழட்டிட்டு அது வழியா ஊத்து. பத்து நிமிஷம்." மூச்சு வாங்கினார். "காலையிலயே கேட்டிருக்கலாம்லடா."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அரை மணி நேரத்துல கிளம்பிடறேண்ணே. எங்கயும் போயிடாதீங்க," என்றான்.

பத்து நிமிஷம்தான் ஆயிற்று. எண்ணெய் மடமடவென்று இறங்கியது. இன்ஜினை ஓடவிட்டு, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். சீலைச் சுற்றி ஈரமே இல்லை. கட்டைகளை எடுத்து, ஜாக்கியை இறக்கி, கையைக்கூடக் கழுவாமல் காரைப் பின்னால் எடுத்தான். கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் குறுக்கே வந்து நின்றது.

உட்கார்ந்தே இருந்ததில் அண்ணனுக்கு மூச்சு முட்டிவிட்டது. அண்ணி இனியும் காத்திருக்கத் துணியவில்லை. இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். முகத்தில் மாஸ்க், உடம்பில் இஸ்திரி போட்ட சட்டை.

சின்னவன் ஓடினான். "ஒழுகலண்ணே. சொட்டுகூட இல்ல. தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து போலாம்ணே. அஞ்சே நிமிஷம்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் விரலால் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"நாளைக்குப் போலாம்டா," என்றார்.

அப்படி ஒரு நாளை இல்லை என்பது ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த ஆட்களுக்குக்கூடத் தெரியும். அவர்கள் குனிந்து அண்ணனைப் படியேற்றினார்கள். சின்னவன் திரும்பிப் போய் இன்ஜினை நிறுத்தினான்.