ஒகஸ்ரஸ் காசுக்கு ஒரு டொலர்

என்ர மனுசன் சச்சிதானந்தன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு பழைய வெண்கலக் காசு வாங்கினவர். ரோமாபுரியில ஒகஸ்ரஸ் சீசர் ஆண்ட காலத்துக் காசாம். ஒரு பக்கம் மூக்குத் தேஞ்ச முகம், மற்றப் பக்கம் எஸ், சி எண்டு ரெண்டு எழுத்து. "இதைக் குடுத்து ஒரு வெங்காயம் வாங்கேலுமே?" எண்டு கேட்டனான். மனுசன் கேட்டால்தானே!

டண்டினொங் நாணயச் சங்கத்தில மொத்தம் பதினொரு பேர். அதில பெரிய கெட்டிக்காரன் மதுரைச் சடகோபன். காசின்ர படத்தைப் பாத்திட்டு, "விளிம்புல வார்ப்புக் கோடு தெரியுது சார், டூப்ளிகேட்" எண்டு வட்ஸப்பில எல்லாருக்கும் போட்டுவிட்டார். அண்டையில இருந்து இவருக்குச் சோறுமில்லை, நித்திரையுமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில சடகோபன்ர வாயாலேயே அசல் எண்டு சொல்ல வைக்கோணும். அதுதான் இவருக்கு மானப் பிரச்சினை.

ஞாயிறு காலமை காசை ஆசைதீரப் பாத்திட்டு, பெட்டியில வைக்காமல் கார்த் திறப்பும் சில்லறையும் போடுற தட்டில வச்சிட்டுக் குளிக்கப் போயிட்டார். நான் கடை ட்ரொலிக்குப் போடுற டொலரை வைக்கிறதும் அந்தத் தட்டிலதான். எனக்கென்ன தெரியும்? அவதியில அள்ளிக்கொண்டு ஸ்பிரிங்வேல் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போனன். ட்ரொலிப் பூட்டில காசைத் தள்ளினன், சங்கிலி கழண்டுது; ட்ரொலியைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பூட்டினால் காசு வெளியில வரும். சாமானைக் காரில ஏத்தி முடிய, சடகோபனே முன்னால வந்து நிக்கிறார். ஒரு டொலரை நீட்டி, "ட்ராலிய எனக்குக் குடுங்க மேடம்" எண்டார். எல்லாரும் செய்யிறதுதானே, குடுத்தன்.

பின்னேரம் கூட்டத்துக்கு நானும் போனனான். இவர் அரை மணித்தியாலம் பேசி விளாசிப்போட்டுக் காசுப் பெட்டியைத் திறந்தார். வெறும் பஞ்சு. மனுசன் பேயறைஞ்ச மாதிரி நிண்டார். அப்பத்தான் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது.

"ஐயோ, ட்ரொலி!" எண்டு கத்தியே போட்டன்.

சடகோபன் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கைவிட்டார். "ட்ராலிய விட்டப்ப இதுதான் வெளிய வந்துச்சு. பச்சை பிடிச்ச வாஷர்னுல்ல நினைச்சேன்!" எண்டு காசை எடுத்து, லென்ஸை வச்சுச் சுத்திச் சுத்திப் பாத்தார்.

"கோடே இல்லை சார். போட்டோல விழுந்த நிழல் அது. நூத்துக்கு நூறு ஒரிஜினல்."

எல்லாரும் கைதட்டிச்சினம். எனக்கும் அழுகையே வந்திட்டுது. இவர் சந்தோசத்தில தடுமாறிக் கையை நீட்டினார்.

சடகோபன் காசைத் திரும்பப் பொக்கற்றுக்குள்ள போட்டார். "ஒரு டாலர் குடுத்து வாங்கினேன் சார். வீட்டம்மாவே சாட்சி."

இவர் என்னைத் திரும்பிப் பாத்தார். அந்த டொலருக்கு நான் வரேக்க வெங்காயம் வாங்கிப்போட்டன்.