எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் வருகிறது

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை, ஒருவர் கையில் பெரிய ஸ்பேனர், மூன்றாமவரான சூப்பர்வைசர் கையில் நான் கையெழுத்துப் போட்ட காகிதம். கடப்பாரையைப் பார்த்துக்கூட நான் பயப்படவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பயந்தேன்.

"இந்தத் தெரு அடிபம்பை எடுக்கச் சொல்லி ஆர்டர்மா. எல்லா வீட்டுலயும் குழாய் இருக்கு, தினமும் தண்ணி வருதுன்னு எழுதியிருக்கு. அப்புறம் பம்பு எதுக்கு?"

இருபத்திரண்டு வீட்டிலும் குழாய் இருப்பது உண்மைதான். போன வருடம் சுவரைக் குடைந்து மாட்டினார்கள். திறப்பு விழா அன்று தண்ணீர் வந்தது, போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அன்றிலிருந்து திருகினால் உஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. என் வீட்டுக்காரர் அதில் சட்டையை மாட்டி வைக்கிறார். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் தெருமுனை அடிபம்பு ஒன்றுதான்.

பிறகு எந்தக் கொழுப்பில் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். அக்காவிடம் தோற்கக் கூடாது என்ற கொழுப்புதான்.

அக்கா வாழ்க்கைப்பட்டது எல்லைக்கு அந்தப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் இருக்கலாம். ஆனால் அவள் பேச்சைக் கேட்டால் நிலாவுக்கே வாழ்க்கைப்பட்டவள் என்று நினைப்பீர்கள். "எங்க நாட்டுல ரோடு வழுக்கிக்கிட்டுப் போகும்டி. எங்க நாட்டுல கரண்டே போகாது." எங்க நாடாம்! பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே, என்னோடு ஒரே பாயில் படுத்து.

எந்த நாட்டில் ஜனங்கள் வசதியாக வாழ்கிறார்கள் என்று பேப்பரில் ஒரு பட்டியல் வந்தது. அவள் நாடு நாற்பத்தொன்று, என் நாடு நாற்பத்து மூன்று. பள்ளிக்கூட மார்க் மாதிரி அதைப் போனில் வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போதே மூச்சு வாங்கினாள். என்ன என்று கேட்டேன்.

"மாடி வீட்டுக்கு மாறிட்டோம்டி. படி ஏறி இறங்கி முடியலை."

மாடி வீடு! எனக்குப் பற்றி எரிந்தது.

மறுநாளே வீட்டு வசதிகளைக் கணக்கெடுக்கிற பெண் வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரு விஷயமெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

"ஃபிரிட்ஜ் இருக்கா?"

"இருக்கு." இருக்கிறது. செத்து மூன்று வருடம் ஆகிறது. யூனிஃபார்ம் துணியை வெட்டி அதற்குள் அடுக்கி வைக்கிறேன்.

"கரண்ட் போகுமா?"

"போகவே போகாது." அந்த நிமிஷம் கரண்ட் இல்லை. அவள் அந்த ஃபாரத்தாலேயே விசிறிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

"குழாய்ல தண்ணி?"

"தினமும். தெரு முழுக்க."

கையெழுத்தும் போட்டேன். சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டு, "அடுத்த பட்டியல்ல பாரு, யாரு முந்துறாங்கன்னு," என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அதெல்லாம் நடந்து ஆறு வாரத்தில் இதோ ஸ்பேனர்காரர் முதல் போல்ட்டைக் கழற்றுகிறார். பெண்கள் குடமும் கையுமாக ஓடி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர் லவுட் ஸ்பீக்கர். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்: "எந்த மகராசி எழுதிக் குடுத்தா? அவ வாய் வெந்துபோக!"

வெந்துபோக வேண்டிய வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்துப் போன் அடித்தது. அக்கா. கேட்க வேண்டுமா? ஓரமாக ஒதுங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"எல்லாம் உன்னாலதான்! உன் பீத்தலைக் கேட்டுக் கேட்டு நானும் தண்ணி வருதுன்னு எழுதிக் குடுத்தேன். இப்ப பம்பைப் பிடுங்குறாங்க. சந்தோஷமா?"

அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"விட்டுடாதடி," என்றாள். "பம்பு மேல ஏறி உட்காரு. பிடுங்க விடாத."

"உனக்கென்ன, மாடி வீட்டுக்காரி."

"எந்த மாடிடி? அதே வீடுதான். எங்க தெரு பம்பைப் பிடுங்கி ரெண்டு மாசமாச்சு. உங்க தெருவுல குழாய் திறந்தாங்கன்னு போட்டோ அனுப்பினியே, நீ கையில தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சியே. அதைப் பார்த்துத்தான் நானும் எல்லாம் இருக்குன்னு எழுதிக் குடுத்தேன். இப்ப ரயில்வே கேட் தாண்டிப் போய்த் தூக்கிட்டு வரேன். இதோ, இடுப்புல குடம்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் மேல், அதைவிட என் மேல். முட்டிவலிக்காரி ரெண்டு மாதமாகக் குடம் சுமந்து மூச்சு வாங்க, நான் அதைப் பெருமை என்று கேட்டுப் பொருமியிருக்கிறேனே! பிறகு அந்த ஆத்திரம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. நாங்கள் ரெண்டு பேரும் வாய்க்கொழுப்பெடுத்தவர்கள், சரி. குழாயை மாட்டிவிட்டுத் தண்ணீர் விடாதவர்களை என்ன சொல்வது? எழுதிக்கொண்டு போனார்களே, ஒரே ஒரு குழாயைத் திருகிப் பார்த்தார்களா? பார்க்க மாட்டார்கள். என் பொய் அவர்களுக்குத் தோதாக இருந்தது.

போனைத் துண்டிக்காமல் பம்பு மேடையில் போய் உட்கார்ந்தேன்.

"எழுதிக் குடுத்தது நான்தான்," என்றேன் எல்லாருக்கும் கேட்க. லவுட் ஸ்பீக்கர் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "அத்தனையும் பொய். சார், என் வீட்டுக் குழாயைத் திருகுங்க. ஒரு குடம் நிறையட்டும். அப்புறம் பம்பைப் பிடுங்கிட்டுப் போங்க."

சூப்பர்வைசர் என் வீட்டுக்காரரின் சட்டையை எடுத்துவிட்டுத் திருகினார். காற்று அவர் முகத்தில் அடித்தது.

"வர நேரமாகும்மா."

"ஆகட்டும். வருஷமா காத்திருக்கோம், நீங்க ஒரு மணி நேரம் இருங்க."

இருந்தார். வெயில் ஏறியது. ஸ்பேனர்காரர் எதிர்வீட்டு நிழலுக்குப் போனார். குடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. கடைசியில் சூப்பர்வைசர் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் 'தண்ணீர் வரவில்லை' என்று எழுதினார். இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம்.

"இப்படித் தெருத்தெருவா மாத்தி எழுதினா பட்டியல்ல நாட்டோட இடமே கீழ போயிடும்மா," என்றார் அலுப்போடு.

"போகட்டும் சார். அந்த இடத்தை வெச்சு ஒரு டம்ளர் தண்ணி மொள்ள முடியுமா?"

ஸ்பேனர்காரர் கழற்றிய போல்ட்டைத் திரும்ப முறுக்கினார். அவர்கள் போனதும் போனை எடுத்தேன். அக்கா இன்னும் லைனில் இருந்தாள்.

"கேட்டியாக்கா? நீயும் போய் எழுதிக் குடு. எதுவும் இல்லைன்னு எழுது."

"தண்ணி ஆபீஸ் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துலதான்," என்றாள் மெதுவாக. "தினமும் அதைத் தாண்டித்தான்டி போறேன். உள்ள போக வெட்கமா இருந்துச்சு."

"உனக்கென்னக்கா வெட்கம்? அவங்க வெட்கப்படட்டும். நாளைக்குத் தண்ணிக்குப் போறப்ப உள்ள போ. காலிக் குடத்தைக் கொண்டுபோய் அவங்க மேஜை மேல வை."