விளக்கு வைத்த பிறகு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மீன் ஏலம் போடும் கரையை ஒட்டி, செங்கல்வராயன் ஓலைக்கொட்டகையில் மளிகைக்கடை போட்டபோது ஊரே சிரித்தது. அச்சரப்பாக்கத்து விவசாயிக்குக் கடலோரத்தில் என்ன வேலை என்று கேட்டது. சிரித்த ஊர்தான் பிறகு அரிசிக்கும், மண்ணெண்ணெய்க்கும், வலை நூலுக்கும், பிள்ளை பெற்றவளுக்குச் சுக்குக்கும், செத்தவருக்குக் கோடித் துணிக்கும் அவர் வாசலில் வந்து நின்றது. ஓலை ஓடானது, ஓடு தளமானது. தொண்ணூறுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும் ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. ஒன்று மட்டும் மாறவில்லை. விளக்கு வைத்த பிறகு அந்தக் கடையிலிருந்து உப்பு வெளியே போகாது. போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம்.

மாமனார் காலமான பின் கல்லாவில் உட்கார்ந்த தனகோடியும் அதை மீறவில்லை. புருஷன் சடையப்பன் செங்கல்பட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதோடு சரி, கடை அவளுடையதுதான். சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கேற்றியதும் உப்பு மூட்டையின் வாயைச் சுருட்டிவிடுவாள்.

2004 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, அப்படிச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தபோது சின்னப்பொண்ணு மூச்சிரைக்க வந்து நின்றாள். ரோட்டுக்கு மேற்கே மேட்டில் அவள் வீடு. புருஷன் தர்மராஜ் வலையில் அன்று நெத்திலி அள்ளிக்கொண்டு வந்திருந்தது. கருவாடு போட உப்பு வேண்டும்.

"யக்கா, ரெண்டு படி கல்லுப்பு குடு. மீனு கூடை கூடையா கீது."

"இப்பதான்டி வெளக்கு வச்சேன். ஐஸு போட்டு வையி. காலையில வா."

"இன்னாக்கா நீ! லட்சுமி என் பின்னால ஓடியாந்துடப் போறாளா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். தனகோடி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை சாவகாசமாகத்தான் திறக்கும். திறந்த கையோடு சின்னப்பொண்ணு வந்துவிட்டாள். முன்னாலிருந்த மூட்டையில் அடி உப்புதான் கிடந்தது. புது மூட்டை, தரை ஈரம் படாமல் பரண்மேல் இருந்தது. தனகோடி ஏணியில் ஏறி அதைப் பிரித்து அள்ளிக்கொண்டிருந்தபோது கடல் கடைக்குள் வந்தது. பரண் அவளைக் காப்பாற்றியது. கீழே கூடையோடு நின்றவளைக் காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை.

மேட்டு வீட்டு வாசலைத் தண்ணீர் தொடக்கூட இல்லை. முதல் நாளே உப்பு கிடைத்திருந்தால் சின்னப்பொண்ணு அந்நேரம் அங்கே உட்கார்ந்து நெத்திலி உலர்த்திக்கொண்டிருப்பாள். இந்தக் கணக்கு தனகோடி ஒருத்திக்குத்தான் தெரியும். யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

ரோட்டுக்கு மேற்கே புதுக் கடை எழும்பியது. அங்கே பொழுது சாய்ந்து வெகுநேரமானாலும் அவள் விளக்கேற்ற மாட்டாள். ஷட்டரை இழுத்துவிட்ட பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுவாள். "வெளக்கு வைக்காத கடையில மூதேவிதான் வந்து குந்துவா" என்று சடையப்பன் கத்துவான். கத்திவிட்டுப் போகட்டும். விளக்கு வைத்தால்தானே ஒருத்தரை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்ப வேண்டும்?

தர்மராஜும் அந்தக் கடைக்குத்தான் வந்தான். எப்போதும் காலையில் வருவான், வாங்குவான், போவான். அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. உப்பு கேட்டால் இரண்டு கைப்பிடி கூடுதலாகப் போட்டுக் கட்டிக் கொடுப்பாள்; அதனால் என்ன ஆகிவிடும்?

இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சடையப்பன் பொறுமை இழந்து தானே விளக்கை ஏற்றிவைத்துவிட்டு வெளியே போனான். அன்று பார்த்துத் தர்மராஜின் படகு தாமதமாகக் கரையேறியிருந்தது. கையில் கூடையோடு வந்தவன் சுடரைப் பார்த்தான்.

"வெளக்கு வச்சிட்டியாக்கா? உப்பு வாங்கலாம்னு வந்தேன். செரி, காலையில வரேன்."

அவன் திரும்பி நடந்துவிட்டான். தனகோடி கைக்கு அகப்பட்ட சாக்குப் பையில் உப்பை வாரிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள்.

"காலையில வராத! இந்தா, இப்பவே எடுத்துக்கினு போ. அன்னிக்கி அவ மொத நாளே வந்தா தம்பி. நான்தான் குடுக்கல. நான்தான்..."

"தெரியும்க்கா."

அவள் முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வூட்டுக்கு வந்து சொன்னா. லட்சுமி என்கூட வரமாட்டேன்னுட்டா, தனகோடியக்காவாண்டயே இருக்கட்டும்னு சொல்லி சிரிச்சிகினு இருந்தா."

"தெரிஞ்சுமா என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது?" அவன் பையை வாங்கிக்கொண்டான். "அதான் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் வர்றதில்ல. காலையில வான்னு நீ என்னாண்டயும் சொல்ற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிடாதவளை அவன் இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு தரம், ஒரே ஒரு தரம் வாய் நிறைய வைதிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அவன் மேட்டுக்கு ஏறிப் போவதைப் பார்த்தபடி தனகோடி நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள்.