ஹோலுக்கு ஒரு வயர்

...கமராவுக்கு வயர்தான் வேண்டுமாம், வைஃபை சரிவராதாம், கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டு கொழும்புத்துறை வீட்டுச் சுவரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார் ஜொனதன் அண்ணை, இந்தச் சுவரில் ஒரு ஆணி அடித்திருப்பாரா, மழைக்கு ஊறின மூலைக்கு ஒரு கை சீமெந்து அப்பியிருப்பாரா, ஆனால் வைஃபை இந்தக் கல்லுச் சுவரைத் தாண்டாது என்று மட்டும் நன்றாகத் தெரியும்... தாண்டாததுதான் எனக்கு நிம்மதி என்பது தெரியாது. அம்மாவின் அறையில் போன வருடம் அவர் பூட்டுவித்த கமரா அரைவாசி நேரம் செத்துத்தான் கிடக்கும், றவுட்டர் வாசலோடு இருக்கிற முன் ஹோலில், அந்தப் பெரிய கூடத்தில், அம்மா பின் அறையில், சிக்னல் வந்தால் உடனே போன் வரும், ஃபான் ஏன் சுத்தேல்லை, அம்மான்ரை போர்வை ஏன் விலகிக் கிடக்குது, நீ எங்கை போனனீ... குளிக்கப் போனேன், மனிசர் குளிக்கிறதில்லையா? சிக்னல் போனால்தான் நான் என் வீட்டில் இருக்கிறேன், அம்மாவோடு வாய்விட்டுச் சண்டை பிடிக்கலாம், கட்டில் ஓரத்தில் காலை நீட்டியிருந்து தேத்தண்ணி குடிக்கலாம், அழலாம். வயர் இழுத்துவிட்டால் சிக்னல் இல்லை என்று சாட்டுச் சொல்லவும் வழி மிஞ்சாது.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணை போனிலேயே பேசி அனுப்பிய ஆள் சிவரூபன், வீடுகளுக்குக் கமரா பூட்டுகிறவன், தோளில் வயர்ச் சுருளோடு வந்து ஏணியை விரித்தான். எரிச்சலை அடக்கிக்கொண்டு அம்மாவின் அறையைக் காட்டினேன். அவன் அசையவில்லை.

"இல்லை அக்கா, அறையிலை இருக்கிறது அப்பிடியே கிடக்கட்டாம். வயர்க் கமரா ஹோலுக்குத்தான். அண்ணை வடிவாச் சொன்னவர்."

ஹோலுக்கா, ஹோலில் யார் இருக்கிறார்கள், நாலு கதிரையும் அப்பாவின் படமும்... அம்மா கட்டிலை விட்டு இறங்கி எவ்வளவு காலம், ஹோலுக்கு அவ எப்போது வரப்போகிறா... எப்போது வரப்போகிறா என்று நினைத்த உடனேயே விளங்கிவிட்டது. அப்பாவைக் கிடத்தியதும் இந்த ஹோலில்தான். கனடாவுக்கு லைவ் போட ஆள் பிடித்து எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் வந்த சனம் எங்கள் வைஃபை பாஸ்வேர்ட்டைக் கேட்டது, செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்ல முடியுமா, நானே சொல்லிக்கொடுத்தேன், ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்துத் தன் தன் பிள்ளைகளுக்கு, சுவிஸுக்கு, லண்டனுக்கு, நோர்வேக்கு அப்பாவைக் காட்டினார்கள், மிரியம் மாமி, கையிலிருந்த போன் சவப்பெட்டிக்குள் விழுகிற அளவுக்குக் குனிந்தா, போதகர் ஜெபம் முடித்துப் பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து, அத்தனை போனும் ஒரே வைஃபையை இழுத்ததில், கனடாவில் படம் நின்றுவிட்டது. அண்ணை கண்டது பாதி மூடின பெட்டி ஒன்றைத்தான், அதுவும் அசையாமல். அதற்காக மாதக்கணக்கில் என்னோடு கதைக்கவில்லை, அவர் வராமல் விட்டது பிழையில்லை, படம் நின்றதுதான் பிழை, அதுவும் என் பிழை. இப்போது அம்மாவின் செத்தவீட்டுக்கு முற்கூட்டியே ஆயத்தம். வெட்கங்கெட்ட மனிசன். பிளேன் ஏறத் தெரியாது, வயர் இழுக்கத் தெரியும். இன்று காலையும் புட்டு காய்ந்துபோச்சு என்று என்னோடு கொழுவின அம்மாவுக்கு, உயிரோடு இருமிக்கொண்டு கிடக்கிற மனுசிக்கு... விடமாட்டேன். வைஃபையே போதும், கொண்டுபோ உன் வயரை என்று இவனிடம் சொல்லிவிட்டு அண்ணைக்குப் போன் எடுத்து நாலு கேள்வி கேட்கத்தான் போகிறேன்.

அதற்குள் சிவரூபன் றவுட்டர் பக்கச் சுவரில் துளை போடத் தொடங்கிவிட்டான், வீடு அதிர்ந்தது, கல்லுத் தூள் அப்பாவின் படத்தில் கொட்டியது, நிற்பாட்டச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அவன் மெஷினை நிறுத்தாமல் வாசலுக்கு எதிர் மூலையைக் கையால் காட்டி அதிலே பூட்டவா என்று தலையை ஆட்டிக் கேட்டான், மூளை கெட்டவனே, அந்த மூலையிலா... சத்தத்துக்கு மேலாகக் கத்தினேன்.

"அதிலை பூட்டாதை தம்பி! அப்பாவுக்கும் மலர்வளையம் அதிலைதான் வைச்சது, பெட்டியை மறைச்சுப்போடும்!"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றிருந்தது. பெட்டியை மறைச்சுப்போடும் என்றது மட்டும் தனியாக வீடு முழுக்கக் கேட்டது. நானா சொன்னேன்? இந்த வாயா? அண்ணையைத் திட்டிக்கொண்டு நின்ற இதே வாயா... எப்போது நான் அந்த மூலையைக் கணக்குப் பார்த்தேன், கூட்டும்போதா, கதிரையை ஒதுக்கும்போதா, எத்தனை நாளாய் எனக்குள் கிடந்தது இது? பின் அறையில் இருமல் நின்றுவிட்டது.

"நிமலினி," என்றா அம்மா. "யன்னல் பக்கமாப் பூட்டச் சொல்லு பிள்ளை. ஜொனதனுக்கு என்ரை முகம் தெரியவேணும்."

குரலில் கோபமில்லை, அழுகையுமில்லை, கடைக்குப் போகிறவளிடம் வெங்காயம் வாங்கச் சொல்கிற குரல்தான். அவனுக்கு முகம். எனக்கு முதுகுப் புண், மூத்திரத் துணி, வாந்திச் சட்டி... எத்தனை வருடம், ஒரு நாளாவது உனக்கு என்ன வேணும் பிள்ளை என்று கேட்டிருப்பாவா? கேட்டிருக்க மாட்டா. சிவரூபன் என்னைப் பார்க்காமல் ஏணியை யன்னலடிக்கு நகர்த்தினான். அறைக்குள் போக வேண்டும், போய் அந்த முகத்துக்கு முன்னால் நின்று என்ன சொல்வது... நின்ற இடத்திலேயே அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன், வாய்க்கடை வந்தது, நான் துடைக்கிற இடம், நாடி வந்தது, கரண்டி முட்டுகிற இடம், கண் எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்கு வரவில்லை.