சோபா நிற்காத வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் அளவு நாடாவோடு போனேன். ஹாலில் கதவும் ஜன்னலும் போக மிஞ்சிய ஒரே சுவர் நூற்றறுபது சென்டிமீட்டர். எங்கள் சோபா நூற்றுத் தொண்ணூறு. இரண்டு முறை அளந்துவிட்டு, "இதையே முடிச்சிடலாம்" என்று தரகரிடம் சொன்னேன். சமையலறையை இன்னும் பார்க்கவில்லையே என்று அவர் விழித்தார்.

காரணம் மச்சான். என் மனைவியின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். இந்த நாட்டுக்கு எங்களுக்குப் பல வருடம் முன்பே வந்தவர். அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று, "ரெண்டே வாரம் மாப்ள" என்று ஒரு பெட்டியோடு எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். அந்த இரண்டு வாரத்துக்கு இப்போது வயது இரண்டு வருடம். ஹால் சோபாதான் அவருக்குக் கட்டில், அலமாரி, ஆபீஸ் எல்லாம்.

கெட்ட மனுஷன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். காய்கறி வாங்கி வருவார், மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார். ஆனால் காலை ஆறு மணிக்குக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டால் முக்கால் மணி நேரம் கச்சேரி. வெளியே நான் கால் மாற்றி நின்றுகொண்டிருப்பேன். அதைவிடக் கொடுமை, ஓடுகிற சாமானை ஓட விடமாட்டார். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, என் ஷேவர், எல்லாவற்றையும் ஒரு தரம் கழற்றிப் பூட்டியாகிவிட்டது. பூட்டியபின் இரண்டு மூன்று ஸ்க்ரூ மிஞ்சும். கேட்டால், "அது கம்பெனிக்காரன் வீணா போட்டது மாப்ள" என்பார்.

நான் பல் செட் செய்கிறவன். அரை மில்லிமீட்டர் கூடினால் யாரோ ஒரு பெரியவர் சாப்பிட முடியாமல் தவிப்பார். எதுவும் அளவுக்குள் இருக்க வேண்டும் எனக்கு.

போகச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். மனைவியின் அண்ணனிடமா? நன்றாகக் கேட்டீர்கள். அவரே அவ்வப்போது, "ஒரு ரூம் பாத்திருக்கேன் மாப்ள" என்பார். என் மனசு துள்ளிக் குதிக்கும். ஆனால் பாழாய்ப்போன வாய் என்னைக் கேட்காமலே, "இருங்க மச்சான், என்ன அவசரம்?" என்று சொல்லிவிடும். அப்புறம் நாள் முழுக்க என் வாயை நானே திட்டிக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் சொந்த வீடு. சோபாவுக்கு இடமில்லை என்றால் சோபாவில் படுப்பவருக்கும் இடமில்லை. நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், சுவரே சொல்லிவிடும். எட்டு வருடச் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்தேன். மாதக் கடைசிக்குள் வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அது திரும்பாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கிடைக்காமல் எங்கே போகும் என்று கையெழுத்துப் போட்டேன்.

வெளிநாட்டவருக்கான கடன் விண்ணப்பம் பதினான்கு பக்கம். நாலாவது பக்கத்தில், இப்போது உங்கள் வீட்டில் இருப்பவர்கள் யார் என்று ஒரு கேள்வி. குடும்பத்தினர்: மூன்று. விருந்தாளிகள்: ஒன்று. அந்த 'ஒன்று' என்பதைப் பேனா அமுங்க எழுதினேன். மனசுக்கு அத்தனை இதமாக இருந்தது.

பத்து நாள் கழித்து வங்கியில் கூப்பிட்டார்கள். கடன் பிரிவு அம்மா கண்டிப்பானவர், ஆனால் மரியாதை குறையாது. வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக வீட்டுக் கடன் கிடையாதாம், புது விதியாம். நிரந்தர வசிப்புரிமை அட்டை உள்ள குடும்பத்தினர் ஒருவர் பாதி உரிமையாளராகச் சேர வேண்டுமாம். எட்டு வருடம்! அப்படி ஒருத்தருக்கு நான் எங்கே போவேன்?

அந்த அம்மா நிதானமாகப் பக்கத்தைப் புரட்டினார். நாலாவது பக்கம்.

"இந்த விருந்தாளி யார்?"

"மனைவியோட அண்ணன்."

"எத்தனை நாளா இருக்கார்?"

"ரெண்டு வருஷமா."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பவருக்கு எங்கள் சட்டத்தில் விருந்தாளி என்று பெயரில்லை, குடும்பத்தினர் என்றுதான் பெயர் என்றார். அவரிடம் என்ன அட்டை இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"அண்ணன்கிட்ட நிரந்தர அட்டை இருக்கே! நாம வர்றதுக்கு முன்னாடியே வாங்கியாச்சு."

"எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே?"

"பாத்ரூம் காலியான்னு கேக்கறதத் தவிர நீங்க அண்ணன்கிட்ட வேற என்ன கேட்டிருக்கீங்க?"

வங்கியில் கொடுத்த விதித் தாளைப் பிரித்தேன். அதில் இன்னொரு வரியும் இருந்தது. பாதி உரிமையாளர் அந்த வீட்டிலேயே ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும். ஆள் வந்து பார்ப்பார்கள். யாரைக் கழற்றிவிட வீடு வாங்கினேனோ, அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போக வேண்டும்!

வேறு வழியில்லை. டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"அதுக்கென்ன மாப்ள, கையெழுத்துப் போட்டுட்டாப் போச்சு. வீட்ட ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாமா?"

பார்த்தோம். ஹால் நடுவில் நின்று சுவரை ஒரு பார்வை பார்த்தார். நாடாவை எடுக்கவில்லை. அப்படியே சமையலறையைப் பார்க்கப் போனார். எனக்குத்தான் முதுகெல்லாம் வியர்வை.

கையெழுத்துப் போடும் நாள். மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்பு. பாதி உரிமையாளர் விண்ணப்பம் முழுவதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று அந்த அம்மா கோப்பைத் திருப்பி வைத்தார். எனக்கு அந்த நாலாவது பக்கம் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மச்சானுக்கு இந்த ஊர் மொழி தண்ணீர் பட்ட பாடு. ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் விரல் நின்றது. நான் அழுத்தி எழுதியது காகிதத்தின் பின்பக்கம் வரை புடைத்துத் தெரிந்தது.

பேனாவை மூடினார். "ஒரு நிமிஷம் வெளிய வாங்க மாப்ள."

நடைபாதையில் லிஃப்ட் பக்கம் நின்றோம்.

"சோபா நூத்தித் தொண்ணூறு. அந்தச் செவுரு நூத்தி அறுபது தேறும். பாத்தாலே எனக்கு அளவு தெரியும் மாப்ள, அதான் என் தொழில். தெரிஞ்சேதான எடுத்தீங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "ஆமா மச்சான். நீங்க போகணும்னுதான் எடுத்தேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்ல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட ஆண்டவா! ஏழு ரூம் பாத்தேன் மாப்ள, ஏழு! ரெண்டுக்கு அட்வான்ஸ்கூடக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்க 'இருங்க மச்சான், என்ன அவசரம்'னீங்க. மீறிப் போனா தங்கச்சி புருஷன் மனசு கோணிடுமேன்னு அந்தச் சோபாவுல முதுகு ஒடியக் கெடந்தேன்!"

"அப்ப உங்களுக்கும் இருக்கப் புடிக்கலையா?"

"யாருக்குப் புடிக்கும்? ஆறே முக்காலுக்கெல்லாம் கதவத் தட்டித் தட்டி ஒரு பாட்ட முழுசாப் பாட விடமாட்டேங்கிறீங்க."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் ஒரு மனுஷனிடம் ஒரு நிஜ வார்த்தை பேசவில்லையே என்று நெஞ்சு வலித்தது.

"இப்ப உண்மையச் சொல்லுங்க" என்றார். "மரியாதைக்குச் சொல்லாதீங்க. அஞ்சு வருஷம். கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

என் எட்டு வருடம் அவர் கையில் இருந்தது. போடுங்க மச்சான், உங்க வீடு மாதிரி என்று வாய் தானாகவே ஆரம்பித்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"எனக்குக் கடன் வேணும் மச்சான், அதுக்காகத்தான் கேக்கறேன். நீங்க இருந்தா எரிச்சல் வரும், கத்துவேன். இல்லேன்னா பாப்பாவும் உங்க தங்கச்சியும் அழுவாங்க. நானும் கொஞ்சம் தேடுவேன்னு நெனைக்கிறேன்."

"இது போதும்" என்றார். உள்ளே போனார். பேனாவைத் திறந்து நாலாவது பக்கத்தில் 'விருந்தாளிகள்: ஒன்று' என்பதை அடித்தார். மூன்றை நாலாக்கினார். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

குடி போன அன்று கடைசிச் சாமான்களை ஏற்றிவிட்டு நான் வந்து சேர்ந்தபோது ஹாலில் மரத்தூள் சிதறிக் கிடந்தது. மச்சான் சோபாவைப் பிரித்து, முப்பத்திரண்டு சென்டிமீட்டர் அறுத்து, திரும்பப் பூட்டியிருந்தார். நூற்றைம்பத்தெட்டு. சுவரில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, நான் செய்த பல் செட் மாதிரி. தரையில் ஐந்து ஸ்க்ரூ மிஞ்சிக் கிடந்தது. குட்டையாகிப்போன சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவர் சாய்ந்திருந்தார். பாப்பாவின் அறையில் மச்சானுக்கு ஒரு கட்டில் போட இடமிருக்கிறதா என்று அளக்க நாடாவை எடுத்தேன்.

பாதி வீட்டுச் சொந்தக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வாங்க மாப்ள, வந்து உக்காருங்க. என்ன அவசரம்?"